உஷார்! காஞ்சிபுரத்தில் ரூம் போடும் முன்... மண்டபம் பேசும் முன்...

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரால் தேதியை மாற்ற முடியாது. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவை அன்றைக்குத்தான். கல்யாணப் பட்டு எடுக்கப் பெரியவர்களோடு வேன் பேசியாகிவிட்டது. உங்களுக்கு வேறு வழியில்லை என்பது ரூம் விற்பவருக்குத் தெரியும், மண்டபம் விடுபவருக்குத் தெரியும், அவர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உங்கள் அவசரம்தான் இந்தத் தொழிலில் விலை போகும் சரக்கு.

2019-இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் பாதி வரை ஊர் திணறியதை மறந்திருக்க மாட்டோம். ரூம் கிடைத்தால் போதும் என்று, சொன்ன வாடகையைக் கொடுத்தவர்கள் ஏராளம். அடுத்த அத்திவரதர் 2059-இல்தான். ஆனால் அதே நெருக்கடி ஒவ்வொரு கருட சேவைக்கும், பங்குனி உத்திரத்துக்கும், பெரிய முகூர்த்த நாளுக்கும் சின்ன அளவில் திரும்பி வருகிறது.

மேப்பில் இருப்பது லாட்ஜ் நம்பர்தானா?

முதல் ஆபத்து போலி முன்பதிவு. யாத்திரை செல்வோரைக் குறிவைத்து ஹோட்டல், விருந்தினர் இல்லம், ஹெலிகாப்டர் என்று போலி இணையதளங்கள் பெருகிவிட்டதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. அதில் கேதார்நாத்தும் சோம்நாத்தும் பேசப்பட்டன. கோயிலும் கூட்டமும் இருக்கிற எந்த ஊருக்கும் அது பொருந்தும்.

கூகுள் மேப்பில் உள்ள ஒரு கடையின் போன் நம்பரைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். மோசடிக்காரன் நுழைவது இந்த ஓட்டையில்தான். போட்டோ உண்மை, முகவரி உண்மை, நம்பர் மட்டும் அவனுடையது. மரியாதையாகப் பேசி, ரூம் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பான். போட்டதும், "அமௌன்ட் சரியாக விழவில்லை சார், இன்னொரு முறை போடுங்கள், முதலில் போட்டது திரும்பி வந்துவிடும்" என்பான். அந்த இரண்டாவது கோரிக்கை வந்த நொடியே போனை வையுங்கள். பணம் உங்களுக்கு வர வேண்டுமென்றால் கியூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை.

லாட்ஜ் உரிமையாளர்களும் உஷாராக இருக்க வேண்டும். மேப்பில் உங்கள் லாட்ஜை உங்கள் பெயரில் உறுதி செய்து, நம்பரை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். ஏமாந்தவர் பெட்டியோடு வந்து நிற்கப்போவது உங்கள் ரிசப்ஷனில்தான்.

'ஒரே ஒரு ரூம்தான் பாக்கி!'

இரண்டாவது ஆபத்து நிஜ நிறுவனங்களின் வியாபார உத்தி. ஆப்பைத் திறந்தால் "இந்த விலையில் ஒரு ரூம்தான் உள்ளது", "இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்" என்று சிவப்பு எழுத்து மின்னும். அவர்கள் 14 பேரும் வேறு வேறு தேதிக்குப் பார்க்கிறவர்களாக இருக்கலாம். இப்படி நெருக்கி விற்பதைப் பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்து, 2019 பிப்ரவரியில் புக்கிங் டாட் காம், எக்ஸ்பீடியா, அகோடா உள்ளிட்ட ஆறு தளங்களிடம் திருத்திக்கொள்வதாக உறுதி வாங்கியது. இந்தியாவில் 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய் அவசரமும், விலையைத் துளித்துளியாகக் காட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

துளி விலை ஏன் ஆபத்து? அமெரிக்க டிக்கெட் தளமான ஸ்டப்ஹப்பில் நடந்த சோதனையில், கட்டணங்களைக் கடைசியில் பார்த்தவர்கள், முதலிலேயே பார்த்தவர்களைவிட ஏறக்குறைய 21 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள். பெயர், வயது, நம்பர் எல்லாம் நிரப்பி முடித்தபின் மனசு பின்வாங்குவதில்லை.

இன்னொன்று: பல ஹோட்டல்கள் ஆப்புக்கு 15 முதல் 20 சதவீதம், சில நேரம் அதற்கு மேலும் கமிஷன் தருகின்றன. வேறு எங்கும் குறைத்து விற்கக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போட்டது முதலான காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடியும் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. உங்களுக்கான பாடம் எளிது. ஆப்பில் பாருங்கள், பிறகு ஹோட்டலை நேரடியாக அழைத்து, "நேராகப் போட்டால் என்ன ரேட்?" என்று கேளுங்கள். அந்தக் கமிஷனில் ஒரு பங்கு உங்களுக்கு மிச்சமாகலாம், அல்லது காலை டிபனாவது சேரும்.

மண்டபத்தின் இரண்டாவது பில்

பெரிய தொகை போவது மண்டபத்திலும் மீட்டிங் ஹாலிலும்தான். வாடகையை மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஜெனரேட்டர் டீசல், கரண்ட் யூனிட், கிளீனிங், பாத்திரம், வெளி சமையல்காரருக்குத் தனிக் கட்டணம், கூடுதல் மணி நேரம் எல்லாம் மண்டபத்தைக் காலி செய்யும் காலையில் இரண்டாவது பில்லாக வருகிறது. மொய் எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டார் அப்போது வாதாடுவதில்லை. அது தெரிந்துதான் அந்த நேரத்துக்கு வைக்கிறார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் டீலர் மீட்டிங் ஏற்பாடு செய்பவர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். உதாரணத்துக்கு, 50 ரூம், 200 சாப்பாடு என்று கையெழுத்துப் போட்டு 150 பேர்தான் வந்தாலும், இருநூறு பேருக்கும் பில் வரும். எந்தத் தேதி வரை எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டி இலவசமா? காசு கொடுப்பவர் யார்?

கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும், "நல்ல ரூம் காட்டுகிறேன், சேலைக் கடைக்கு வண்டி ஃப்ரீ" என்று ஒருவர் வந்தால் அவர் புரோக்கர். ரூமிலும் கமிஷன், பட்டிலும் கமிஷன். அந்தப் பணம் நெசவாளிக்குப் போகாது, உங்கள் சேலை விலையில் ஏறும். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்கோ நீங்களாகத் தேர்ந்த கடைக்கோ நேராகப் போய், சில்க் மார்க், கைத்தறி முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

பணம் போடும் முன்

• மேப், இணையதளம், ஊரில் தெரிந்தவர் என்று இரண்டு வழியிலாவது நம்பரைச் சரிபாருங்கள். பணம் போகும் கணக்கின் பெயர் லாட்ஜ் பெயரோடு ஒத்துப்போகிறதா?

• "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்விக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்குங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும்.

• 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இன்னும் பழைய 12 சதவீதம் போட்டால் கேளுங்கள். அதற்கு மேற்பட்ட ரூமுக்கும் மண்டப வாடகைக்கும் 18. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி வாங்க முடியாது. தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும்.

• சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. 2022 ஜூலையில் வந்த விதியை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால்

பணம் மோசடிக் கணக்குக்குப் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். பில், ரீஃபண்ட் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மதுரைக்காரர் காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

முகூர்த்தத் தேதியை மாற்ற முடியாது, சரி. ரூமையும் மண்டபத்தையும் முடிவு செய்கிற தேதி உங்கள் கையில் இருக்கிறது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்டு முடியுங்கள். அவசரம் வந்தபின் கேட்கிற கேள்விக்கு எதிர்முனையில் கிடைக்கப்போவது ஒரே பதில்தான்: "வேண்டாம்னா விடுங்க சார், கேட்க ஆள் இருக்கு."