அக்குவாமரைன்

அக்குவாமரைன் என்பது பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. வெளிர்நீலம் முதல் நீலப்பச்சை வரையிலான நிறமுடைய மணிக்கல் இது. ‘கடல்நீர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது. மரகதமும் பெரில் வகையே. இரண்டும் அமைப்பில் ஒன்று. நிறம் தரும் மாசுத் தனிமங்களே வேறு.

வேதியியலும் நிறமும்

பெரில், பெரிலியமும் அலுமினியமும் கொண்ட சிலிக்கேட்டுக் கனிமம். 1798-ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் பெரிலிலும் மரகதத்திலும் ஒரே புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். அதுவே பின்னர் பெரிலியம் எனப்பட்டது.

தூய பெரிலுக்கு நிறமில்லை. குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதப் பச்சையும், இரும்பு கலந்தால் அக்குவாமரைனின் நீலமும் தோன்றும். இரும்பின் ஒரு நிலை நீலத்தையும் மற்றொரு நிலை மஞ்சளையும் தருகிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் கல் பச்சை சாய்ந்து காணப்படும்.

இயற்பியல் பண்புகள்

படிகங்கள் ஆறுபட்டைத் தூண் வடிவில் வளர்கின்றன. மோ அளவுகோலில் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை. தூசியில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை 7 என்பதால், அன்றாடத் தூசி இக்கல்லை எளிதில் கீறாது. ஒப்படர்த்தி சுமார் 2.7, ஒளிவிலகல் எண் சுமார் 1.58. படிகத்தை ஒரு திசையில் பார்த்தால் நீலமாகவும் வேறு திசையில் பார்த்தால் ஏறக்குறைய நிறமற்றும் தெரியும். எனவே, பட்டை தீட்டுபவர் கல்லை எந்தத் திசையில் அமைக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் அழகு அமையும்.

கிடைக்கும் இடங்கள்

பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறைகளில் இது உருவாகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலம் புகழ்பெற்ற பகுதி. 1910-இல் அங்கு 110.5 கிலோகிராம் எடையுள்ள ஒற்றைப் படிகம் கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘டோம் பெட்ரோ’ என்னும் தீட்டிய கல்லும் பிரேசில் படிகத்திலிருந்து வந்ததே. அதன் எடை 10,363 காரட், அதாவது இரண்டு கிலோவிற்கும் மேல். பாகிஸ்தான், மடகாஸ்கர், மொசாம்பிக், நைஜீரியா ஆகிய நாடுகளிலும் கிடைக்கிறது.

கொங்கு நாடும் பெரிலும்

தமிழ்நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர், பழங்காலத்திலேயே பெரில் எடுக்கப்பட்ட ஊராகக் கருதப்படுகிறது. 1819-20 காலத்தில் ஆங்கிலேயர் ஒருவரும் அங்கு கல் எடுத்தார். அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்களும், பெரில் உள்ளிட்ட பல கற்களும் கிடைத்தன. கொங்குப் பகுதியில் உரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைப்பது அக்கால வணிகத்தைக் காட்டுகிறது.

முதலாம் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறிடங்களில் அரிதாகவே கிடைப்பதாக எழுதினார். கடலின் தூய பச்சையை ஒத்த கற்களே சிறந்தவை என்றார். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யப்பட்டதையும் அவர் குறிப்பிட்டுள்ளார். போலிக் கல்லின் வரலாறும் நல்ல கல்லின் வரலாற்றைப் போலவே பழையது.

‘பெரில்’ என்ற சொல், ‘வேளுரிய’ என்னும் பிராகிருதச் சொல்லிலிருந்து கிரேக்கம் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. ‘வைடூரியம்’ என்ற சொல்லும் இதனோடு உறவுடையது. ஆனால் இன்று நவரத்தினங்களில் வைடூரியம் எனப்படுவது கிரைசோபெரில் என்னும் வேறு கனிமமாகிய பூனைக்கண் கல். பெயர் உறவை வைத்து இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

நம்பிக்கைகள்

கடலோடிகளைக் காக்கும் கல் என்றும், இல்லற இணக்கம் தரும் கல் என்றும் ஐரோப்பிய மரபில் இது போற்றப்பட்டது. மேலை வழக்கில் இது மார்ச் மாதப் பிறப்புக்கல். நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. அணிபவருக்கு நோய் தீரும், செல்வம் சேரும் என்பவற்றுக்கு அறிவியல் சான்று இல்லை. அவ்வாறு சொல்லி விலை கூட்டப்பட்டால், வாங்குபவர் கல்லுக்கல்ல, நம்பிக்கைக்கே பணம் தருகிறார்.

வாங்குவோர் அறிய வேண்டியவை

நிறம் அடர்ந்து, பச்சைச் சாயல் குறைந்து, கண்ணுக்குத் தெரியும் உட்குறைகள் இல்லாதிருந்தால் மதிப்பு உயரும். மரகதத்தில் உட்கீறல்கள் இயல்பு. அக்குவாமரைன் பெரும்பாலும் தெளிவாகவே கிடைக்கிறது. பெரிய கற்களும் கிடைப்பதால், பருமனைவிட நிறமே விலையை அதிகம் தீர்மானிக்கிறது. சிறிய கல் ஆழ்ந்த நீலமாக இருந்தால் ஐயத்துடன் பார்ப்பது நல்லது. இந்த வகையில் சிறு கற்கள் பொதுவாக வெளிறியே இருக்கும்.

‘இயற்கைக் கல்’ என்றால் ‘எதுவும் செய்யப்படாத கல்’ என்று பொருளல்ல. பச்சை சாய்ந்த கற்களைச் சுமார் 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மஞ்சள் கூறு நீங்கி நீலம் தெளிவாகும். இது நிலையான மாற்றம். வணிகத்தில் பரவலாக ஏற்கப்பட்டது. சூடாக்கியதைச் சோதனையில் கண்டறிவதும் பெரும்பாலும் இயலாது. ஆனால் மாக்சிசே என்னும் ஆழ்நீலப் பெரில் அப்படியல்ல. ஒளிபட்டால் அதன் நிறம் மங்கிவிடும்.

நீல டோபாஸ், செயற்கை ஸ்பினெல், கண்ணாடி ஆகியவை அக்குவாமரைன் என விற்கப்படுவதுண்டு. டோபாஸின் ஒப்படர்த்தி சுமார் 3.5, ஆகவே ஒரே அளவுள்ள கல்லில் டோபாஸ் எடை கூடியிருக்கும். கண்ணாடியில் உருண்டைக் காற்றுக்குமிழ்கள் தென்படலாம். மோதிரத்தில் பதித்த கல்லைப் பிரித்து நிறுத்த இயலாது. எனவே விலை உயர்ந்த கல்லெனில், ஒளிவிலகல் எண்ணைச் சோதித்துக் கனிமத்தின் பெயரைக் குறிப்பிடும் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. பட்டியலில் ‘நீலக்கல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது.

பராமரிப்பு

இளஞ்சூட்டு நீர், மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை ஆகியவை போதும். அதிக வெப்பத்தையும் பலமான அடியையும் தவிர்க்க வேண்டும். மாணிக்கம், நீலம், வைரம் ஆகியவை இதைக் கீறக்கூடும் என்பதால் தனிப் பெட்டியில் வைப்பது நல்லது.