சத்தமில்லாமல் முளைக்கிற பல்

எட்டு வயதுப் பேரனை இழுத்துக்கொண்டு ஓர் ஆச்சி வந்தார். மானூர்ப் பக்கம் ஊர். பையனுக்கு வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கீழே கடைசிப் பல்லில் முழு மிளகு ஒன்றைப் போட்டு மூடலாம்போல ஒரு குழி.

"பால்பல்லுதான டாக்டர், பிடுங்கிப் போட்டுருங்க. புதுசு முளைச்சிரும்லா?" என்றார் ஆச்சி.

முளைக்காது. அவன் ஆயுசுக்கும் வைத்துக் கடிக்க வேண்டிய பல் அது.

பாளையங்கோட்டையில் பல வருடமாகப் பல் பார்க்கிறேன். குடும்பங்களோடு எனக்கு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த ஒரு பல்லைப் பற்றித்தான் இருக்கும். முன்பல் ஆடினால் வீடே கூடிவிடுகிறது. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரையில் எறிகிறோம். ஓட்டை வாயோடு பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுக்கிறோம். அதே ஆறு வயதில் வாயின் கோடியில், பால்பற்களுக்கும் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வருகிறது. அதற்கு இடம் விட எந்தப் பல்லும் விழுவதில்லை. பெரிய வலியும் இருக்காது. அது வந்த சங்கதியே வீட்டில் யாருக்கும் தெரியாது. மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நான்கு பற்கள் இப்படி வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். டார்ச் அடித்து, முன்னால் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பால்பற்கள் மொத்தம் 20, ஆகவே ஒரு தாடையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து. ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான்.

எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர், பல்வரிசைக் கோளாறுகளை 1899இல் வகை பிரித்தபோது இந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்தார். மேல் ஆறாம் பல்லும் கீழ் ஆறாம் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தே இது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று இன்றும் எழுதுகிறோம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது மூலைக்கல்லை முதலில் வைப்பாரே, வாய்க்குள் அந்த வேலை இதனுடையது.

ஆறாம் பல் முளைத்த புதிதில் அதன் மேற்பரப்பு, தண்ணீர் காய்ந்த வயல் வெடிப்புபோல ஆழமான பிளவுகளோடு இருக்கும். பிரஷ்ஷின் குச்சம் அந்தப் பிளவின் அடிவரை எட்டாது. சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கிறது. முளைத்த கையோடு கூட்டிவந்தால் பிசின் போன்ற ஒரு பூச்சை அதில் ஊற்றி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்துவிடலாம். ஊசி இல்லை, குடைதல் இல்லை. சீலன்ட் என்பார்கள். அந்தப் பையனுக்கு அதைச் செய்ய வேண்டிய காலம் இரண்டு வருடம் முன்பே போய்விட்டது. பல்லைக் காப்பாற்ற ஆச்சி அவனை நான்கு முறை அழைத்துவர வேண்டியிருந்தது.

சரி, நிஜமாகவே பால்பல்லாக இருந்தால்? "விழப்போற பல்லுக்கு எதுக்குத் துட்டு?" என்பது அடுத்த கேள்வி. முன்பல்லுக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பின்பக்கப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. மென்று தின்பது ஒருபுறம் இருக்க, கீழே வளரும் புதுப் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைக்கின்றன, பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதுபோல. ஏழு வயதில் பிடுங்கிவிட்டால் பின்னால் இருக்கும் ஆறாம் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தில் சாய்ந்துவிடும். சீட்டுக்கு உரியவர் வந்து பார்த்தால் இடம் இருக்காது. மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தாமதமாக வருவதால், இடநெருக்கடியில் அதிகம் மாட்டுவதும் அதுதான். ஒதுங்கி மேலே ஏறி நின்றுகொள்ளும். நாம் அதைத் தெத்துப்பல் என்று கொண்டாடுகிறோம். சிரிப்புக்கு அழகுதான், மறுக்கவில்லை. அதன் இடுக்கில் பிரஷ் நுழையாது என்பது என் கவலை. பிடுங்கியே ஆகவேண்டிய பால்பல் என்றால், அந்த இடத்தைக் காக்கச் சின்னக் கம்பி வளையம் ஒன்று மாட்டிவிடுவோம்.

சொத்தைக்குக் காரணம் பூச்சி என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாகப் பல்லுக்குக் காட்டி, விழுந்த புழு என்று வெள்ளையாக எதையோ காண்பிப்பது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையை வைத்து இதையே செய்தார்கள். அங்கே வெடித்த விதையிலிருந்து பிதுங்கிய முளைதான் புழுவாகத் தெரிந்தது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் எழுதிய நூலிலேயே பல் புழு என்று ஒன்று தன் கண்ணில் பட்டதில்லை என்று சொல்லிவிட்டார்.

உண்மையான வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். நாம் தின்ற சர்க்கரையை அவை தின்று அமிலம் விடுகின்றன. சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலத்தன்மை ஏறி, எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே கணக்கு. சாயங்காலம் உட்கார்ந்து கால் கிலோ அல்வாவை ஒரேயடியாக முடித்து வாய் கொப்பளிக்கிறவரைவிட, டவராவில் கருப்பட்டிக் காப்பியை வைத்துக்கொண்டு காலை முழுக்க வாய் வாயாக உறிஞ்சுகிறவருக்கே சொத்தை அதிகம் வரும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று வாதாடுவார்கள். பல்லைப் பொறுத்தவரை உடன்குடிக் கருப்பட்டிக்கும் வெள்ளைச் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்தப் பையனுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடுகள், நடுவே இளம் பழுப்பு. ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று ஆச்சி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பாவம், அது அவன் குற்றம் இல்லை. நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் பல்லில் இப்படிக் கறை விழும். மானூர் ஒன்றியத்தில் இந்தப் பாதிப்பு இருப்பதைப் பற்றி 2012இலேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். முன்பற்களின் எனாமல் பிறந்ததிலிருந்து நான்கைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் ஏழு வயதில் பல்லாக வெளியே வந்து சாட்சி சொல்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளையும் பக்கத்தில் நின்று சிரித்தால், சில சமயம் பல்லை வைத்தே சொல்லிவிடலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

இதே ஃப்ளோரைடு அளவாகப் பல்லின் மேல் பட்டால் சொத்தையைத் தடுக்கும். பேஸ்ட்டில் சேர்ப்பது அதற்காகத்தான். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்புபோல நெளியவிடுவது வியாபாரத்துக்கு. ஆச்சி பேஸ்ட்டைத் தொடுவதில்லை, உமிக்கரிதான். அவர் வாயையும் பார்த்தேன். சொத்தை இல்லை. ஆனால் ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்தில் அரிவாளால் கொத்தியதுபோல வெட்டு. நெல் உமியில் சிலிக்கா அதிகம். கரி வெள்ளையாக்குகிறது என்று நினைத்து அறுபது வருடமாகப் பல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

இனி க்ளிப். ஏழெட்டு வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்போதே மாட்ட வேண்டியதில்லை, தாடை வளரும் போக்கைப் பார்ப்பதற்காக. பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்றில் மாட்டுவோம். நாற்பதிலும் மாட்டலாம், ஈறு நன்றாக இருந்தால்.

எலும்பில் பதிந்த பல் எப்படி நகரும்? வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் மெதுவாக அழுத்தும்போது, அந்தப் பக்கத்து எலும்பை ஒருவகைச் செல்கள் அரிக்கும். மறுபக்கம் விழும் இடைவெளியில் வேறுவகைச் செல்கள் புது எலும்பை வைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். "கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள கழட்டிருவியளா?" என்று கேட்கிற அப்பாக்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் வேலை. முறுக்கினால் சீக்கிரம் முடியாது, வேர்தான் கரையும்.

கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டுக்கும் ஒரு கதை உண்டு. உலோகத்தில் பெயின்ட் பிடிக்க அமிலம் தடவுவதைக் கேள்விப்பட்ட மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், 1955இல் அதையே எனாமலில் செய்து பார்த்தார். ஒட்டு பிடித்தது. அதற்கு முன் ஒவ்வொரு பல்லுக்கும் முழு வளையம் மாட்ட வேண்டும். இந்த ஒட்டு அல்வாவைத் தாங்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் தாங்காது. ஒரு கடியில் பிராக்கெட் கையோடு வந்துவிடும்.

க்ளிப்பைக் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரைப் போடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. புது எலும்பு இறுகும்வரை பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கல்லூரிப் பையன் ஒருவன் குறுக்குத்துறைப் படித்துறையில் ரிட்டெய்னரைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குளித்தான். சட்டையை அலசியபோது அது ஆற்றோடு போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது கீழ் முன்பல் ஒன்று திரும்பி நின்றது. மறுபடி கம்பி போட்டுத் திருப்பி, மறுபடி அச்சு எடுத்து, புதியதைக் கையில் கொடுத்தேன்.

"இதையும் கழட்டி வச்சுட்டுத்தான டாக்டர் குளிக்கணும்?" என்று அவன் அப்பா கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. டப்பாவுல வச்சுட்டு."