கல்லில் முளைத்த பொத்தான்கள்

சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. நாம் தங்கமீன் வளர்ப்போமே, அந்தத் தொட்டி இல்லை. இது உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே மீன்களைவிடப் பவளங்கள்தான் அதிகம். "அதெல்லாம் செடி இல்லை அக்கா, பிராணி" என்பான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு நாள் பின்பக்கத்துக் கல்லில் பழுப்பு நிறமாகச் சில பொத்தான்கள் கண்ணில் பட்டன. கடையில் வாங்கிய கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து, அவனுக்கே தெரியாமல் பெருகியிருக்கிறது. எனக்கோ பாசி படிந்த மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. துவைக்கிற கல்லில் பாசி பிடித்தால் நாம் என்ன செய்வோம்? கொதிநீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்ப்போம், இல்லையா? கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, ஆபீசில் இருந்தவனுக்குப் போன் செய்து, "கல்லை எடுத்துக் கழுவட்டுமா?" என்று கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று! "தொடாதே அக்கா! முதலில் கெட்டிலை அணை!" என்று அலறினான்.

சாயங்காலம் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினான். வட்டமான தட்டு; அதன் ஓரத்தில் மட்டும் கண்ணிமை மயிர் போல இரண்டு வரிசை. அடியில் எல்லாப் பொத்தான்களையும் சேர்க்கிற தோல் மாதிரி ஒரு படலம். கல் பவளத்துக்கு இருக்கிற சுண்ணாம்பு எலும்பு இதற்குக் கிடையாது. இந்த இனத்துக்கு ஸோவாந்திட் என்று பெயர். தடித்து, பழுப்பாக, உடம்பில் மணல் துகள் பதிந்திருந்தால் பாலித்தோவா என்ற வகையாக இருக்கலாமாம்.

பாலித்தோவாவில் சிலவற்றில் கொடிய விஷம் இருக்கிறது. 1971ல் ஹவாய் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துப் பாலிடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆவியோடு கலந்து மூச்சில் போய்விடும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வரும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. 2018ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப் போய், குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. கேட்டதும் எனக்குக் கைகால் ஆடிவிட்டது.

தம்பி அதைத் தூக்கி எறியவில்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல நகர்த்தித் தனியாக வைத்தான். இரண்டு நாள் மூடியே கிடந்தது. செத்துப் போயிற்றோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விரிந்தது. இடம் மாற்றினால் அப்படித்தான், அடிக்கடி நோண்டக் கூடாது.

வளர்ப்பது சுலபம். மிதமான வெளிச்சம், மெல்லிய நீரோட்டம், 25 டிகிரி சூடு. உடம்புக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு சாப்பாடு தயாரித்துக் கொடுக்கிறது. நாம் அள்ளிப் போட்டால் தண்ணீர்தான் கெடும். சமையல் உப்பு உதவாது, கடல் உப்புக் கலவைதான் வேண்டும். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்பா ஆவியாகிறது, மறுபடி சேர்க்க!

நம் ஊரில் கல் பவளங்களுக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காவல் உண்டு. மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் ஆசைப்பட்டு எடுத்து வராதீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் சகோதரிகள், தொட்டியில் கை வைக்கும் முன் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்தபின் குளிரும் இருமலும் வந்தால், டாக்டரிடம் தொட்டியில் பவளம் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.