70 வளைவுகளும் ஒரு கடைசி பஸ்ஸும்

விடியுமுன்பே சேலம் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டீர்களா? பேஷ்! ஒரே நாளில் கொல்லிமலைக்குப் போய்த் திரும்புவதென்றால் முதலில் தூக்கத்தைத்தான் தியாகம் செய்யவேண்டும். மலைக்கு நேரே போகும் பஸ் கிடைக்காவிட்டால் பாதகமில்லை. நாமக்கல் சென்று மாறிக்கொள்ளலாம்.

காலைப் பலகாரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதுமே கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். ஒன்றா, இரண்டா? 70! வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதுவரை உரக்க எண்ணிக்கொண்டு வந்த என் அக்கா, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிட்டாள்.

மேலே சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் மணக்கும். செம்மேட்டில் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அங்கங்கே 'முடவாட்டுக்கால் சூப்' விற்பார்கள். சைவர்கள் பெயரைக் கேட்டு ஓடவேண்டாம்! பாறையில் வளரும் ஒருவகைக் கிழங்குதான் அது. ஆட்டுக்கால் மாதிரி மேலெல்லாம் ரோமம். மிளகு தட்டிப் போட்டுச் சுடச்சுடக் கொடுத்தால், அந்தக் குளிருக்கு அமிர்தம்.

இனிமேல்தான் விஷயமே. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அருவியாக விழுகிறது. படிகளோ ஆயிரத்துக்கு மேல்! இறங்கும்போது கால் நம்முடையது, ஏறும்போது யாருடையதோ.

நாங்கள் செய்த தப்பு இதுதான்: முதலில் தரிசனம், அப்புறம் சாப்பாடு, கடைசியில் அருவி என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியவுடனே, திரும்பும் பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு, நேரே அருவிக்குப் போய்விடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கோயிலிலேயே இருக்கட்டும். அக்கா அப்படித்தான் இருந்தாள். நான் மட்டும் போய், அருவியில் மெய்மறந்து நின்றுவிட்டேன். ஏறும்போது, பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன் காதில் பஸ் ஹாரன் விழுந்தது. அதுதான் கடைசி பஸ்!

விழுந்தடித்துக்கொண்டு மேலே வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அக்கா! "ஏறுங்கம்மா, இல்லேன்னா இறங்குங்க" என்று கண்டக்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வலி ஐயா, மெதுவாகத்தான் ஏறமுடியும்" என்றாள் அக்கா. என்னைக் கண்டதும் ஒரே எட்டில் உள்ளே ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தேன். மலைச் சரிவு வந்ததும் அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்: "எழுபது... அறுபத்தொன்பது..."