நூற்றுக்கு எத்தனை பேர்?

இந்த மாதம் மாத்திரையைப் பற்றியோ களிம்பைப் பற்றியோ எழுதப் போவதில்லை. கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன். “ஆஸ்பத்திரிக்காரருக்குக் கணக்கு எதுக்கு, அது கிராணி வேலையாச்சே” என்று நினைக்காதீர்கள். கணக்கு இல்லாமல் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, களைக்கு மருந்தடிக்கும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். கையில் சொறி, கண்ணில் எரிச்சல். களிம்பு கொடுத்து அனுப்பினேன். மறுபடியும் வந்தார்கள். மனசு கேட்காமல் மானேஜரிடம் போய், “நிறைய பேருக்குச் சொறி வருதுங்க, நல்ல கையுறை வேணும்” என்றேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். “நிறைய பேருன்னா எத்தனை பேர்? மொத்தம் எத்தனை பேர்ல? மருந்தடிக்காதவங்களுக்கு வரலையா?”

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். கோபம் கோபமாக வந்தது. ஆனால் ராத்திரி படுத்து யோசித்தபோது, கேள்வி மூன்றும் நியாயமான கேள்விகள்தான் என்று பட்டது.

இந்த மூன்று கேள்விக்கும் நம் கிள்ளானிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1901ஆம் ஆண்டு மல்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் சொல்லும் துறைமுகத்திலும் அப்போது மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, புதரை அழித்து, கொசு பெருகும் தண்ணீரை வெளியேற்றினார்கள். 1901இல் இந்த இரண்டு ஊரிலும் காய்ச்சலால் 368 சாவு. 1902இல் 59. 1905இல் 45.

இதை மட்டும் காட்டியிருந்தால், “அந்த வருஷம் காய்ச்சலே குறைவுங்க” என்று யாராவது தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் வேலை நடக்காத சுற்றுவட்டாரத்தின் கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். அங்கே 1901இல் 266, 1902இல் 227, 1905இல் 351. வடிகால் வெட்டிய இடத்தில் சாவு இறங்கியது. வெட்டாத இடத்தில் அப்படி இறங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் இதுதான்.

அதற்காக வெறும் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆள் கூடினால் நோயும் கூடத்தானே செய்யும்? ஓர் உதாரணம் பார்ப்போம். மேல் லயத்தில் 200 பேர், அதில் 10 பேருக்குக் காய்ச்சல். கீழ் லயத்தில் 60 பேர், அதில் 6 பேருக்குக் காய்ச்சல். பார்த்தவுடன் மேல் லயம்தான் மோசம் என்போம். ஆனால் மேல் லயத்தில் நூற்றுக்கு 5 பேர், கீழ் லயத்தில் நூற்றுக்கு 10 பேர். முதலில் சாக்கடையைப் பார்க்க வேண்டியது கீழ் லயத்தில்.

வாட்சன் தோட்டங்களிலும் இந்த முறையைத்தான் பயன்படுத்தினார். மலேரியா அடிக்கடி வரும் பிள்ளைக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கும். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று எழுதினார். ஆஸ்பத்திரிப் பக்கமே வராத பிள்ளையும் இதனால் கணக்கில் வந்தது. அந்தப் பிள்ளைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

நான் செய்த தப்பும் இங்கேதான். என்னைத் தேடி வந்தவர்களை மட்டுமே பார்த்தேன். வராதவர்களைக் கேட்கவே இல்லை. பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு காலையில் பிரட்டுக்களத்துக்குப் போனேன். மருந்தடிப்பவர்கள், உதிரிப் பழம் பொறுக்குபவர்கள் எல்லாரையும் கேட்டேன். ஒரு அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லீங்க ஐயா” என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோதுதான் கையைக் காட்டினார். “சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயமுங்க.” பயத்தில் மறைத்த ஒவ்வொரு கையும் கணக்கில் ஓர் ஓட்டை.

நீங்களும் கணக்கெடுப்பதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

1. எல்லாரையும் கேளுங்கள். முடியாவிட்டால் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாகப் போங்கள். தெரிந்தவர் வீட்டை மட்டும் பொறுக்காதீர்கள்.

2. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். “மருந்தாலதானே சொறி வந்துச்சு?” என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள். “போன இரண்டு வாரத்துல கையில சொறி இருந்துச்சா?” என்றால் போதும்.

3. தேதி, வயது, செய்யும் வேலை மூன்றையும் அன்றைக்கே எழுதுங்கள். இல்லை என்று சொன்னவரையும் எழுதுங்கள்.

4. ஆபீசுக்குப் போகும் தாளில் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பெயருள்ள நோட்டு பூட்டில் இருக்கட்டும்.

5. இரண்டு விஷயம் சேர்ந்து வந்தால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். குளிக்கும் தண்ணீரா, சோப்பா என்றும் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே மேசையில் ஒரே ஒரு தாளை வைத்தேன். மருந்தடிப்பவர்களுக்குத்தான் அதிகம், அதிலும் மருந்து கலக்குபவர்களுக்கு இன்னும் அதிகம் என்று அதில் தெளிவாக இருந்தது. இந்த முறை மானேஜர் கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்து படித்தார். கையுறை வந்தது. ஒழுகும் பம்புகளில் பாதியை மாற்றினார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நோட்டும் திறந்தே இருக்கிறது.

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் தாளை அந்தக் கூட்டத்தில் வையுங்கள், ஒரு நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள்.

தாய்மார்களே, அடுத்த முறை நோட்டோடு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் கையை மறைக்காதீர்கள். ஒருவர் சொன்னால் அது குறை. எல்லாரும் சொல்லி எழுதி வைத்தால் அது கணக்கு. கணக்குக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்