நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு... ஆழ்கடலில் திமிங்கலத்தின் இதயம் என்ன செய்கிறது?

கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 40-க்குக் கீழே போனாலே பதறிப்போய் அலர்ட் அனுப்பும். அதே வாட்ச்சை ஒரு நீலத்திமிங்கலத்துக்குக் கட்டிவிட்டால்? நாள் முழுக்க அலறிக்கொண்டேதான் இருக்கும். ஏன்னா, இரை தேடி கடலுக்குள் இறங்கும்போது அந்தத் திமிங்கலத்தின் இதயம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4 முதல் 8 முறைதான் துடிக்கிறது. சில சமயம் வெறும் 2 முறை.

நமக்கு இப்படி ஆனால் ஐசியூதான். திமிங்கலத்துக்கோ இது அன்றாட வேலை. இது எப்படிச் சாத்தியம்? இந்தக் கணக்கு எப்போது தப்பிப்போகிறது?

திமிங்கலத்துக்கு ஈசிஜி எடுத்த கதை

2018 ஆகஸ்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் உள்ள மான்டெரி விரிகுடா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி கோல்ட்போகன் தலைமையிலான குழு, சிறிய படகில் ஒரு நீலத்திமிங்கலத்தை நெருங்கியது. அது மூச்சுவிட மேலே வந்த நேரம் பார்த்து, நீளமான கம்பின் நுனியில் இருந்த ஒரு கருவியை இடது துடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

கருவி, டிபன் பாக்ஸ் அளவுதான். கார் கண்ணாடியில் போன் ஹோல்டர் ஒட்டுவோமே, அதே மாதிரி நான்கு ரப்பர் கப்கள். அவற்றில் இரண்டில் இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் மின்முனைகள். சுமார் எட்டரை மணி நேரம் ஒட்டியிருந்துவிட்டு, தானாகக் கழன்று மிதந்தது.

2019 நவம்பரில் வெளியான முடிவுகள் ஆய்வாளர்களையே அசரவைத்தன. அந்தத் திமிங்கலம் அதிகபட்சமாக 184 மீட்டர் ஆழம் வரை போனது. ஒரே மூச்சில் பதினாறரை நிமிடம் வரை உள்ளே இருந்தது. அப்போதுதான் அந்த 4 முதல் 8 துடிப்பு. மேலே வந்து மூச்சு வாங்கும்போது, துடிப்பு 25 முதல் 37 வரை எகிறியது. செலவான ஆக்ஸிஜனை அந்தச் சில நிமிடங்களுக்குள் நிரப்பியாக வேண்டுமே!

அப்படின்னா ரத்தம் எப்படி ஓடுகிறது?

2014-ல் கனடாவில் கரை ஒதுங்கிய ஒரு நீலத்திமிங்கலத்தின் இதயம் சுமார் 180 கிலோ இருந்தது. அத்தனை பெரிய இதயமாக இருந்தாலும், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே அரை நிமிடம் இடைவெளி விட்டால் ரத்தம் நின்றுவிடாதா?

நிற்காது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, பலூன் மாதிரி விரிந்து கொடுக்கும் தன்மை கொண்டது. ஒவ்வொரு துடிப்பிலும் உப்பி, பிறகு மெதுவாகச் சுருங்கி, அடுத்த துடிப்பு வரும்வரை ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

'பேட்டரி சேவர்' மோடு

போனில் சார்ஜ் குறைந்தால் என்ன செய்வோம்? தேவையில்லாத ஆப்களை மூடிவிடுவோம். மூச்சடக்கி மூழ்கும் பாலூட்டியின் உடலும் அதையேதான் செய்கிறது. தோல், குடல், சிறுநீரகம், தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்கு மட்டும் சப்ளை குறையாது. இத்தனை குழாய்கள் சுருங்கும்போது இதயம் பழைய வேகத்திலேயே அடித்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். அதனால் இதயமும் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் ஆக்ஸிஜன் மிச்சமாகும்.

சரி, அந்த ஆக்ஸிஜனை எங்கே சேமித்து வைக்கின்றன? நுரையீரலில்தான் என்று தோன்றும். அங்கேதான் ட்விஸ்ட். அன்டார்டிகாவின் வெட்டல் சீல், மூழ்கும் முன் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் இறங்குகிறது! ஆழத்தின் அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். அதில் காற்று நிறைய இருந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து ஆபத்தாகும்.

சேமிப்புக் கிடங்கு ரத்தமும் தசையும்தான். ஆழத்தில் மூழ்கும் பாலூட்டிகளின் தசையில் மயோகுளோபின் என்ற புரதம், நிலத்தில் வாழும் பாலூட்டிகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆக்ஸிஜனைப் பிடித்து வைப்பது இதன் வேலை. இது அதிகமாக இருப்பதால்தான் அவற்றின் இறைச்சி கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரிகிறது. இவ்வளவு புரதத்தை நெருக்கி அடைத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடாதா? அதற்கும் வழி இருக்கிறது. இந்த விலங்குகளின் மயோகுளோபினில் நேர் மின்னூட்டம் அதிகம். காந்தத்தின் ஒரே முனைகள் போல ஒன்றையொன்று விலக்கிக்கொள்கின்றன. 2013-ல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

கட்டாயம் வேறு, விருப்பம் வேறு

இந்த ஆராய்ச்சிக்கு வலுவான அடித்தளம் போட்டவர் பெர் ஷோலாண்டர். 1940-ல் வெளியான அவரது ஆய்வில், சீல்களைப் பலகையில் கட்டி நீரில் அமிழ்த்தி அளந்தார். துடிப்பு சட்டென்று விழுந்தது. ஆனா, கட்டிப்போட்ட விலங்கும் கடலில் சுதந்திரமாகத் திரியும் விலங்கும் ஒன்றா?

1960-களில் ஜெரால்ட் கூய்மேன் அன்டார்டிகாவுக்குப் போனார். சமையலறை டைமரை வைத்து, ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கருவி ஒன்றைச் செய்து வெட்டல் சீல்களின் மேல் பொருத்தினார். இஷ்டம்போல நீந்தும் சீல்கள், பெரும்பாலும் கையிருப்பு ஆக்ஸிஜனுக்குள்ளேயே திரும்பி வந்துவிடுகின்றன என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரியவந்தது. அதாவது, திட்டமிட்டுச் செலவு செய்கின்றன.

திட்டமிடல் என்பது சும்மா பேச்சுக்கு அல்ல. ஹார்பர் போர்பாய்ஸ் என்ற சிறிய கடல் பாலூட்டிகளுக்கு 20 விநாடி, 80 விநாடி என இரண்டு வகை மூழ்கலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 80 விநாடி மூழ்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால், அவற்றின் துடிப்பு இன்னும் கீழே இறங்கியது. 2016-ல் வெளியான ஆய்வு இது. முன்னால் இருப்பது என்ன என்று தெரிந்தால், அதற்கேற்ப இதயத்தை அவற்றால் அடக்க முடிகிறது.

முன்னால் இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால்?

பயம் வந்தால் கணக்கு தப்பும்

கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் பகுதியில் நார்வால்கள் வாழ்கின்றன. ஈட்டி போல நீளமான தந்தம் கொண்ட திமிங்கலங்கள் இவை. டெரி வில்லியம்ஸ் குழுவினர், உள்ளூர் வேட்டைக்காரர்களோடு சேர்ந்து, வலையில் சிக்கிய நார்வால்களின் உடலில் இதயத்துடிப்புக் கருவியை ஒட்டி விடுவித்தார்கள்.

பயந்தால் இதயம் படபடக்கும், ஓடினாலும் படபடக்கும். நமக்குத் தெரிந்தது இதுதான். தப்பி ஓடிய நார்வால்களுக்கோ நேரெதிராக நடந்தது. நீரின் மேல்பரப்பில் ஓய்வாக இருக்கும்போது சுமார் 60 ஆக இருக்கும் துடிப்பு 3 அல்லது 4-க்கு விழுந்தது. அதே நேரத்தில் வால் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே பெட்ரோல் குழாயை மூடுவதுபோல. அப்படித் தப்பி ஓடும் ஒரு மூழ்கலுக்கு உடலின் ஆக்ஸிஜன் இருப்பில் 97 சதவிகிதம் தேவைப்படும் என்று குழு கணக்கிட்டது. அதே அளவு சாதாரண மூழ்கலுக்கு 52 சதவிகிதம் போதும். 2017-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே வில்லியம்ஸ் குழு, டால்பின்களிலும் வெட்டல் சீல்களிலும் இன்னொன்றைப் பார்த்திருந்தது. ஆழமான மூழ்கல்களில் 73 சதவிகிதத்தில் இதயத்துடிப்பு சீரற்றுப் போனது. 'மெதுவாகு' என்கிறது மூழ்கல். 'வேகமெடு' என்கிறது நீச்சல். இரண்டு கட்டளையும் ஒரே இதயத்துக்குப் போகிறது.

சத்தம் ஏன் ஆபத்து?

கடலில் மனிதர்கள் எழுப்பும் சத்தம்தான் இப்போது பெரிய கவலை. 2000 மார்ச்சில் பஹாமாஸில் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. கடற்படையின் சோனார் ஒலிதான் பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்க அரசின் விசாரணையே ஒப்புக்கொண்டது. 2002-ல் கேனரி தீவுகளில், கடற்படைப் பயிற்சி நடந்த சமயத்தில் அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. பரிசோதித்தபோது, ஸ்கூபா வீரர்களுக்கு வரும் அழுத்த நோய் போல உடலுக்குள் வாயுக் குமிழ்கள் இருந்தன.

இத்தனைக்கும் அலகுத் திமிங்கலங்கள் மூழ்குவதில் கில்லாடிகள். கூவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 222 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 3 மணி 42 நிமிடம் மூழ்கியிருந்ததை அமெரிக்காவின் வட கரோலினா கடற்பகுதியில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட விலங்கே தடுமாறுகிறது என்றால், மிரண்டு ஓடும்போது அதன் மூழ்கல் கணக்கு குலைவது முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதற்குத் தீர்வே இல்லையா? இருக்கிறது. 2004-ல் ஸ்பெயின் அரசு, கேனரி தீவுகளைச் சுற்றி கடற்படை சோனாருக்குத் தடை விதித்தது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அங்கே அலகுத் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கவில்லை. ஆர்க்டிக்கில் பனி உருக உருக, நார்வால்கள் வாழும் அமைதியான கடலுக்கும் கப்பல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. எந்தச் சத்தம், எவ்வளவு தூரத்தில், அந்த இதயத்தை 4 துடிப்புக்குத் தள்ளும்? கப்பல்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, முதலில் தெரிய வேண்டியது அதுதான்.