பெரியவர்கள் மெலிந்தால் மறதியையும் கவனியுங்கள்



"அத்தா இளைத்துவிட்டார், சர்க்கரைக்கு நல்லதுதானே" என்று சில வீடுகளில் சொல்வதைக் கேட்கிறோம். நாற்பது, ஐம்பது வயதில் எடை குறைப்பது நல்லதுதான். அந்த வயதில் உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் ரத்தக்குழாய்கள் கெட்டு, பிற்காலத்தில் டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எழுபதைத் தாண்டியவர் தானாக மெலிந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹவாய்த் தீவுகளின் ஹோனலுலுவில், ஜப்பானிய வம்சாவளி ஆண்களின் எடையை 1960-களிலிருந்து சுமார் 30 ஆண்டுகள் கவனித்தார்கள். மறதி நோய் வந்தவர்களுக்கு, அது கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கியிருந்தது. மூளை பாதிக்கப்படும்போது வாசனையும் ருசியும் மங்கலாம், பசி குறையலாம். பிறகு சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகும். சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பிட்டு எடை கூடுபவர்களும் உண்டு.

நம் பகுதியில் பிள்ளைகள் சிப்காட் ஷிப்டுக்குப் போய்விட, பெரியவர்கள் பகலில் தனியே இருக்கிறார்கள். மூடிவைத்த சோறு அப்படியே இருக்கும். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டிருப்பார்கள். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கமும் குழப்பமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

தொழுகையில் எப்போதாவது ரக்அத் எண்ணிக்கை தவறுவது எல்லோருக்கும் நடப்பதே. தொழுதோமா என்றே அடிக்கடி தெரியாமல் போவதும், பழகிய பள்ளிவாசலுக்கு வழி தடுமாறுவதும் அப்படியல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. மாதம் ஒருமுறை ஒரே மெஷினில் எடை பார்த்து, காலண்டரில் எழுதுங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 3 கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. மறதி நோய்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காசநோய், தைராய்டு, பல் கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் எடையைக் குறைக்கும். இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதியோருக்கென்றே 2024-இல் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டுள்ளது.

3. ஒரு வேளையாவது உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டை, மீன், பருப்பு என மென்மையாகச் சமைத்துக் கொடுங்கள். டாக்டர் சொல்லாமல் பத்தியம் வைக்காதீர்கள்.

4. மெலிந்துவரும் பெரியவர் நோன்பு வைக்க விரும்பினால், ரமளானுக்கு முன்பே டாக்டரையும் இமாமையும் கேளுங்கள். இயலாதவருக்கு மார்க்கம் ஃபித்யா எனும் சலுகையைத் தந்திருக்கிறது.

நம்மை ஊட்டி வளர்த்தவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது நம் கடமை. அல்லாஹ் அவர்களுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்